பென்சிலால் அடித்த பாடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயக்க மருந்து டிப்ளமோ எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் மின்சார ரயிலில் மடி நிறையப் பழைய கேள்வித்தாள்கள். போன முறை வந்த கேள்வி இந்த முறை வராது என்பது எங்கள் வேதம். அந்தத் தைரியத்தில் ஸ்கோலின் பாடத்தைப் பென்சிலால் அடித்துவிட்டேன். தசைகளைச் சில நிமிடம் தளர வைக்கும் மருந்து அது. தினமும் போடுகிறோமே, படிக்க என்ன இருக்கிறது?

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, நான் பகுதி நேரமாக வேலை பார்த்த குரோம்பேட்டை நர்சிங் ஹோமில் ஓர் இளம்பெண்ணுக்குச் சின்ன அறுவை சிகிச்சை. வழக்கம்போல் ஸ்கோலின் போட்டேன். முடிந்ததும் மயக்க வாயுவை நிறுத்தினேன். அவளுக்கு மூச்சு வரவில்லை. இருபது நிமிடமாகியும் வரவில்லை. ஆக்சிஜன் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே, "ஏன்னு தெரியலையே சிஸ்டர்" என்று புலம்பினேன்.

சிஸ்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "டாக்டர், கண்ணுல தண்ணி வழியுது. முழிச்சிட்டாங்க போல. திரும்பத் தூங்க வைங்க."

அவளுக்கு எல்லாம் தெரிகிறது, அசையத்தான் முடியவில்லை. பதறிப்போய் வாயுவைத் திறந்தேன். மூச்சு திரும்ப இன்னும் ஒரு மணி நேரமானது. சிலர் உடம்பில் ஸ்கோலின் சீக்கிரம் கரையாது என்பதை வீட்டுக்கு வந்து, அந்தப் பாடத்தில்தான் படித்தேன்.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். "தெரியலைன்னு சொன்னீங்களே டாக்டர், இப்ப தெரிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தேர்வில் ஸ்கோலின் கேள்வி வரவில்லை. நான் பாஸாகிவிட்டேன். என் கணிப்பு பலித்துவிட்டதே என்பதுதான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.