பதிவில் இல்லாதவளை விடுவித்த கதை

ஆட்டக்காரர் ஒருவர் வெளிநாட்டு அணிக்குப் போக விரும்பினால், அவர் சார்ந்த சங்கம் ஒரு மாதத்துக்குள் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தெளிவான விதி. தொண்ணூறுகளில் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பிரிவோடு விளையாட்டு மன்றத்தையும் கவனித்த நான், அதை மனப்பாடமாகச் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் பெண்கள் காற்பந்து அணியில் ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண் ஒருத்தி இருந்தாள். தஞ்சோங் கிளிங் ஹோட்டல் அணிக்கு எதிராக அவள் கோல் போட்டதைப் பார்த்த எங்கள் ஜப்பானிய மேலாளர், தம் ஊர் அணிக்கு எழுதினார். அவர்கள் சம்பளத்தோடு அழைத்தார்கள். சீசனுக்கு முன் விடுவிப்புக் கடிதம் வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு.

விண்ணப்பித்தேன். மாதம் கடந்தும் பதிலில்லை. தெங்கேராவில் இருந்த வட்டாரக் காற்பந்துச் சங்கத்துக்கு நேரில் போனேன்.

"பெண்கள் அணி எதுவும் பதிவே ஆகலையே சார்," என்றார் குமாஸ்தா. "இல்லாத ஆள எப்படி விடுறது?"

"அப்ப யாரையும் கேக்காம போகலாம்தானே? அதையே எழுதிக் குடுங்க."

"அதுக்கு ஃபாரம் இல்ல லா."

ஆகவே அவளை விடுவிக்க முதலில் பதிய வேண்டும். பதிவுக்குப் பதினொரு பேர் தேவை. நாங்கள் ஆடியது எழுவர் ஆட்டம். மாற்று ஆட்டக்காரிகளோடு ஒன்பது பேர். கேண்டீன் அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சேர்ந்தார். இன்னும் ஒருவர் வேண்டும்.

மறுநாள் என் அறைக்குள் ஆட்டக்காரியின் அம்மா நுழைந்தார். மகள் போகக்கூடாது என்று வாரக்கணக்காக அழுதவர். திட்டு வாங்கத் தயாரானேன்.

"ஆளு தேடுறீங்களாமே சார்?"

"ஆமாக்கா."

"போறவ முறையா போகட்டும். நாளைக்கு இவ ஓடிப்போயிட்டாள்னு எவளும் பேசக்கூடாது. எங்க கையெழுத்து போடணும்?"

"நீங்க ஆட வேண்டியதில்ல, பேரு மட்டும் போதும்."

"ஏன், ஆடுனா என்ன? அந்தக் காலு அவளுக்கு அவங்க அப்பாகிட்டருந்தா வந்துச்சு?"

பதிவுப் படிவத்தில் ஒட்டும் படத்துக்கு அணிச் சட்டை கட்டாயம். சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கேமராவை முறைத்துப் பார்த்தார்.

பதிவு விண்ணப்பத்தை மேலேயும் விடுவிப்பு விண்ணப்பத்தைக் கீழேயும் வைத்து ஒரே உறையில் அனுப்பினேன். பதிந்த வேகத்தில் விடுவிக்கட்டும். கடிதம் எங்கே என்று ஜப்பானிலிருந்து இருமுறை ஃபேக்ஸ் வந்தது. ஆட்டக்காரி மட்டும் தினமும் வேலை முடிந்து திடலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

சங்கத்தின் கடிதம் வந்ததும் அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோனேன். அம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தார். மலாய் மொழியில் இருந்த கடிதத்தை நான் மரியாதையாக முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும் சார். போகலாமா, இல்லையா?"

"போகலாம்."

அன்று போகி. நாளின் பெயரிலேயே 'போ' இருந்தது.