முப்பது கார்க், முப்பத்தைந்து பாட்டில்

நாற்பத்தொரு வயதுவரை உதயசூரியன் போன தூரம் யாங்கோனை, பழைய ரங்கூனை, அடுத்த கியாக்தான் வரைதான். ஆற்று நடுவே இருக்கும் பகோடாவுக்குப் படகில் போய், மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் நகருக்குள் தின்கன்ஜூனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவருடைய அப்பா யாங்கோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆயிரம் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய அந்த மனிதர் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. மகனுக்கு ஒன்றிலாவது ஏறிவிட வேண்டும் என்றிருந்தது.

நகர நடுவே கியாக்டடாவில் சாத்தப்பன் நடத்திய பன்னிரண்டு அறை விடுதியில் உதயசூரியன் ஸ்டோர்கீப்பர். சேர்ந்தது எண்பத்தெட்டில். சேர்ந்த அன்றே முதலாளி, "எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்ப்பா" என்று அவருடைய அடையாளக் கார்டை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தக் கார்டு இல்லாமல் தூரத்து பஸ்ஸுக்கு டிக்கெட் கிடையாது. வெளியூரில் ஒரு ராத்திரி தங்கவும் முடியாது. எப்போது கேட்டாலும், "நீ எங்க போகப்போற?" என்று முதலாளி சிரிப்பார். போவதற்கு உண்மையிலேயே இடம் இல்லாததால் உதயசூரியனும் சிரித்துவைப்பார்.

இரண்டாயிரத்து நான்கில் இடம் கிடைத்தது. மாண்டலேயிலிருந்து பாகானுக்கு வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிப்போகும் ஆற்றுக்கப்பலில் ஸ்டோர் வேலை. செப்டம்பர் முடிவதற்குள் மாண்டலேயில் போய் நிற்க வேண்டும்.

"தாராளமா போ. யாரு வேணான்னா?" என்றார் சாத்தப்பன். "ஒரே ஒரு வேலை இருக்கு. அதை முடிச்சிட்டுப் போ."

செல்லக்கண்ணு என்ற கப்பல்காரன் சிங்கப்பூரிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்திருந்தான். வீட்டிலேயே ஒயின் போடுவதற்கான சாமான்கள். விடுதியில் தங்கும் வெள்ளைக்காரர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒயின் கேட்டார்கள். வெளியிலிருந்து வரும் பாட்டிலோ அந்த வருஷம் வந்தால் உண்டு என்ற நிலை.

"மூணும் மூணு தரம். எது நல்லாருக்குன்னு போட்டுப் பாரு. ஒண்ணு தேறிச்சுன்னா நீ இங்கயே இருந்து போட்டுக்கிட்டிருக்கணும். ஒண்ணுமே தேறலையா, கார்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

"வேற யாராச்சும் போடலாமே முதலாளி?"

"நீதான் குடிக்காதவன். உன் கையில குடுத்தாத்தான் சரக்கு மிச்சமிருக்கும்."

ஏழாம் நம்பர் அறையில் கட்டிலை எடுத்துவிட்டு மூன்று பீப்பாய்களை வைத்தார். சின்னப் பெட்டியில் பாகு மாதிரி கெட்டியான திராட்சைச் சாறு ஐந்து லிட்டர்தான் இருந்தது. சர்க்கரையும் தண்ணீரும் நாமே சேர்க்க வேண்டும்; நாலு வாரத்தில் ஆகிவிடும். நடுப்பெட்டியில் சாறு பத்து லிட்டர். பெரிய பெட்டி அமெரிக்கச் சரக்கு. பதினாறு லிட்டர் சாறு, காய்ந்த திராட்சைத் தோல் ஒரு பை, ஓக் மரச் சீவல் ஒரு பை. ஆறு வாரம் ஆகும். பெட்டிக்கு முப்பது கார்க் இருந்தது.

சின்னதிலும் நடுவிலும் இத்தனை லிட்டர் வரை தண்ணீர் ஊற்று என்று போட்டிருந்தது. பெரியதில் ஆறு கேலன் வரை என்றிருந்தது. உதயசூரியனுக்கு அதுதான் வசதி. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதிலிருந்து எல்லாமே ஊரில் கேலன் கணக்குதானே. புதிய கேலன் டப்பா ஒன்று வாங்கி, கழுவி, அளந்து, பீப்பாயில் ஆறாவது கேலனுக்குக் கோடு போட்டுக்கொண்டார்.

கெடுத்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. மூடியை ஒரு நாள் திறந்துவைத்தால் போதும். கை கேட்கவில்லை. அந்த மழைக்காலத்தில், கரண்ட் போனபோதெல்லாம் பீப்பாய்களைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டுச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டார். மூடியில் செருகிய சின்னக் குழாயில் தண்ணீர் நிற்கும். உள்ளே பொங்கும் காற்று அதன் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே போகும். ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து அவர் குமிழ்களை எண்ணுவார். வெளியே போக வழியிருந்தது அவற்றுக்கு மட்டும்தான்.

நடுப்பெட்டியின் ஈஸ்ட் வரும் வழியிலேயே வெயிலில் செத்திருந்தது. சாறு பொங்காமல் புளித்துக் கெட்டது. சின்னதில் சரியாக முப்பது பாட்டில் வந்தது. பெரியதை ஊற்றியபோது கார்க் முப்பதும் தீர்ந்தபின் இன்னும் ஐந்து பாட்டில் நிறைந்தது. 'தாராளமாத்தான் குடுத்திருக்கான்' என்று அவற்றின் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டு வைத்தார்.

மறுநாள் மத்தியானம், விடுதியில் இரண்டு மாதமாகத் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ருசி பார்த்தார். சின்னப்பெட்டி ஒயினைக் குடித்துவிட்டு, ஜாமில் சாராயம் கலந்தாற்போல் இருக்கிறது என்றார். பெரிய பெட்டியுடையதை வாயில் வெகுநேரம் வைத்திருந்தார். வாசனை உசத்தி, ஆனால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்றார்.

"தேறலை!" சாத்தப்பன் இரும்புப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "யாபாதே, பரவாயில்ல விடு. நீ கப்பலுக்குப் போ உதயா. அந்தச் செல்லக்கண்ணுப் பயலைத்தான் சும்மா விடமாட்டேன். உசத்திச் சரக்குன்னு தண்ணிச் சாறைத் தலையில கட்டியிருக்கான். இனிமே எந்தக் கடைக்காரனும் அவனை வாசல்ல சேர்க்காத மாதிரி பண்ணிடுறேன்."

கார்டு கைக்கு வந்துவிட்டது. போட்டோவில் இருபத்தைந்து வயது உதயசூரியன். அதைச் சட்டைப்பையில் வைக்கப்போனவரின் கண் அலமாரியில் ரப்பர் போட்டிருந்த ஐந்து பாட்டில்கள்மேல் விழுந்தது. பக்கத்தில் ஜெனரேட்டருக்கு வாங்கிய வெளிநாட்டு ஆயில் டப்பா. ஒரு கேலன் என்று எழுதியிருக்கும். அதை அவருடைய டீசல் கேலன் டப்பாவில் ஊற்றினால் ஒருநாளும் வாய் வரை வராது. ஆயில் கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அமெரிக்கக் கேலன் சின்னது. நாம் புழங்குவது பழைய இங்கிலீஷ்காரன் கேலன்.

பேசாமல் படியிறங்கியிருக்கலாம்.

"முதலாளி, செல்லக்கண்ணு மேல தப்பில்ல. சரக்கும் நல்ல சரக்கு. அவங்க கேலன் சின்னது. நான் நம்ம கேலன்ல அளந்து, நாலு லிட்டருக்கு மேல தண்ணிய கூட ஊத்திட்டேன்."

சாத்தப்பன் பிரெஞ்சுக்காரருக்கு அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் கண்ணாடித் தம்ளரை இன்னொருதரம் மோந்து பார்த்து, அப்படியென்றால் இது அருமையான ஒயின் என்றார்.

"அப்ப தேறிடுச்சு," என்றார் சாத்தப்பன். கையை நீட்டினார். அதட்டவில்லை, கோபிக்கவும் இல்லை; உப்புச் சீசாவைக் கேட்பவர்போல நீட்டினார். உதயசூரியன் கார்டைக் கொடுத்தார்.

ஆற்றுக்கப்பல் அவர் இல்லாமல் போயிற்று. நவம்பரில் செல்லக்கண்ணு அதே பெரிய பெட்டியைக் கொண்டுவந்தான். அதற்குப்பின் ஆறு வாரத்துக்கு ஒரு பெட்டி. இரண்டாயிரத்துப் பத்திலும் ஏழாம் நம்பர் அறையில் கட்டில் கிடையாது.

அந்த நவம்பர் பெட்டி ஒயினைப் பாட்டிலில் அடைத்த அன்று அவர் வீட்டுக்கு வந்ததும், மனைவி காளியம்மா சோறு போட்டுக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"வாயைத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் பாகான்ல இருந்திருப்பீங்க. நானும் பின்னாடியே வந்து ஊரைப் பார்த்திருப்பேன்."

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல இல்லையா?"

உதயசூரியன் சோற்றைப் பிசைந்தார்.

"இன்னிக்கி முப்பது கார்க்குக்கு முப்பது பாட்டில்தான் வந்துச்சு காளி," என்றார். "ஒண்ணுகூட மிச்சமில்ல."