அம்பத்தூரில் ஒரு கப்பல் வளையம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வளையம் செய்து பிழைப்பது எங்கள் பட்டறை. நடத்துவது என் மச்சான், மனைவியின் தம்பி. நான் பங்குதாரர், அதாவது அவன் செய்வான், நான் பேசுவேன்.

போன கோடையில் பூந்தமல்லி சப்ளையர் ஒருவர் பழைய ரப்பர் வளையம் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். நம் கடற்படையின் தல்வார் வகைப் போர்க்கப்பலில் கடல்நீர் பம்புக்கு உள்ளே இருப்பது.

"வரைபடம் கெடையாது சார். இதே மாதிரி செஞ்சு, என் கண்ணெதிர பிரஷர் தாங்கிச்சுன்னா ஆர்டர் உங்களுக்கு. இல்லன்னா நான் கோயம்புத்தூர் பஸ் ஏறிடுவேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் போர்க்கப்பல்களின் பூர்வீகம் முழுவதையும் படித்துத் தீர்த்தேன். கப்பல், ரஷ்யர்கள் பால்டிக் கரையில் கட்டியது. அதை ஓட்டும் டர்பைனோ உக்ரைன் தயாரிப்பு. இரண்டு பேரும் இப்போது அடித்துக்கொள்வதால் உதிரிபாகம் தேடி உலகமே அம்பத்தூருக்கு வந்துவிட்டது என்று, அயனம்பாக்கம் ஃபிளாட்டில் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். லிஃப்ட் வந்த பிறகும் சொன்னேன்.

வளையம் ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தது.

"இன்னா மாமா, ஒரு சைடு ஒல்லியா கீது?"

"அது பனிக்கடல் டிசைன் மச்சான். குளிர்ல ரப்பர் விறைக்கும் இல்ல? அதுக்கு எடம் விட்டிருக்கான்."

நிறையப் படித்தவனிடம் இதுதான் தொல்லை. எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். மச்சான் அந்த மெலிவை இம்மி பிசகாமல் அளந்து மோல்டு வெட்டினான்.

சப்ளையர் வருவதற்கு முந்தின நாள் நாங்களே ஒரு குழாய் இணைப்பில் மாட்டி, கைப்பம்பால் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம். கேஜ் முள் பாதி ஏறுவதற்குள் மெலிந்த பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. மச்சான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மாமா! இது டிசைனே இல்ல. வருசக்கணக்கா நசுங்கி தேஞ்சி போய்கீது. நாம அந்தத் தேய்மானத்தையும் சேத்து புச்சா செஞ்சிகினு கீறோம்!"

"இல்ல மச்சான், ரஷ்யாக்காரன்..."

"அவன உடு. நீ கொஞ்ச நேரம் எதையும் படிக்காம இரு."

மோல்டில் ஆழம் குறைந்த பக்கத்தை மற்ற பக்கத்துக்குச் சமமாகத் தோண்டினான். புது வளையத்தை எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ரப்பர் ஆறாமல் மாட்டக் கூடாது. ஆகவே முதல் சோதனையே சப்ளையர் எதிரில்தான்.

மறுநாள் மச்சான் பம்புக் கைப்பிடியை அடிக்க அடிக்க முள் ஏறியது. நான் எச்சரிக்கையாக சப்ளையருக்குப் பின்னால் நின்றேன். முள் நேற்றுப் பீய்ச்சிய இடத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது. தாங்க வேண்டிய அளவுக்குப் போட்டிருந்த சிவப்புக் கோடு வரை போய் நின்றது, அசையவில்லை. சப்ளையர் வளையம் மாட்டிய இணைப்பைச் சுற்றி விரலால் தடவி, ஈரமே இல்லாத அந்த விரலை எங்களிடம் காட்டினார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான் சார்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டில் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள், யார் கையோ பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது என்று.

"ஒண்ணியும் இல்ல அண்ணாத்தே," என்றான் மச்சான். "எங்க மாமா சந்தோஷமா கீறாரு."