ஃப்ரெண்டுக்கு ஒரு இசப்கோல்

மெடிக்கல் கடை கவுன்டரில் நின்றவர்களுக்குத் தெரியும்: சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஊருக்கே கேட்கும்படி மாத்திரை கேட்பார்கள், மோஷன் வராததற்கு மட்டும் கடை காலியாகும்வரை டூத்பேஸ்ட் விலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். செம்பூரில் நான் வேலை பார்க்கும் கடையில் அப்படி நின்ற ஒரு மாமாவிடம் நானும் மாட்டிக்கொண்டேன்.

ஒரே கிளாஸ்

மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து வருவார். அங்கே இல்லாத மெடிக்கலா? "எல்லாரும் தெரிஞ்சவா" என்று குரலைத் தாழ்த்தினார். மோஷன் போகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் இசப்கோல் உமி அவருக்கில்லை, ஒரு ஃப்ரெண்டுக்காம். தாராவியில் வளர்ந்த என் வாய், சும்மா இருக்குமா? ஃப்ரெண்டுக்கு என்ன வயசு மாமா, என்றேன்.

"எழுபத்தாறு. எனக்கும் அதேதான். ஒரே கிளாஸ்."

ஒரு மடக்கு

அடுத்த வாரம் சண்டைக்கு வந்தார். ஃப்ரெண்டுக்கு முன்னைவிட மோசமாம். எவ்வளவு தண்ணீரில் கலக்கினார் என்றால், ஒரு மடக்காம். அட மனுஷா, அது உள்ளே போய்ப் பசை மாதிரி உட்கார்ந்துகொள்ளாதா? பெரிய டம்ளர் நிறையக் கலக்கி, மேலே இன்னொரு டம்ளர் குடிக்கச் சொன்னேன். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி குடிச்சா அடிக்கடி போகணுமேப்பா. ஆத்துல இருக்கறது ஒரே பாத்ரூம்."

ஆச்சா?

பிறகு வந்து பலமான மாத்திரை கேட்டார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. தரமாட்டேன், டாக்டரைப் பாருங்க மாமா, என்றேன். கடை காலி. மாமா ஃப்ரெண்டை மறந்துவிட்டார். காலையில் மகனுக்கு லோக்கல் டிரெயின், மருமகளுக்கு ஆபீஸ், பேத்திக்கு காலேஜ். இவர் உள்ளே போய் உட்கார்ந்ததும் மகன் கதவைத் தட்டி, "அப்பா, ஆச்சா?" என்பானாம். ஆகாமலே எழுந்து வந்துவிடுவாராம். வந்த உணர்வும் அதோடு போய்விடுமாம்.

"அதான் ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன். உள்ளே போனாத்தானே வெளியே வரணும்."

ஆகலை

கொஞ்ச நாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆள் இருந்தார். டாக்டர் ராத்திரி சாப்பிடச் சொன்னாராம். கீரை, பழம், தண்ணீர், கொஞ்சம் நடை. எல்லோரும் கிளம்பியபின், டிபன் ஆனதும், காலடியில் சின்ன ஸ்டூல் போட்டு நிதானமாக உட்காரச் சொன்னாராம். நன்றாகத்தான் போனதாம், மகன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்த நாள் வரை. அன்றைக்கும் பழைய வழக்கத்தில் தட்டினானாம். எழுந்துட்டீங்களா மாமா, என்றேன். கவுன்டரில் நாலு பேர் நின்றார்கள். மாமா குரலைத் தாழ்த்தவில்லை.

"'ஆகலைடா'ன்னேன். ஆகற வரைக்கும் உக்காந்துண்டிருந்தேன்."

மோஷன் போக எங்கள் கடையில் பத்து விதம் மருந்து இருக்கிறது, கதவைத் தட்டும் கைக்குத்தான் இன்னும் ஸ்டாக் வரவில்லை.