லிஸ்ட்டில் இல்லாத வீடு

எங்கள் வாசல் குழாயில் எதிர்வீட்டு ராஜகுரு கை கழுவுகிறார் என்றால் அன்று சனிக்கிழமை. வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் இருபது வரை எண்ணி முடித்தால்தான் குழாயை மூடுவார். அதற்குள் எங்கள் கேட்டுக் கொக்கியில் ஒரு கிலோ கோழி தொங்கும்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கோழிக்கறி பாக்கெட் போடும் கம்பெனியில் கிருமி இருக்கிறதா என்று சோதிப்பவர். வாரக் கடைசியில் ஆளுக்கொரு பாக்கெட் கொடுப்பார்கள். இவர் வீட்டிலோ கறி புழங்காது. மனைவி சீதாலட்சுமி அந்தப் பையை வாசற்படி தாண்ட விடமாட்டார். வெளியாட்களுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும். "எதுத்த வீட்டு அக்கா வெளியாளா?" என்பார் ராஜகுரு. வாயில் வைக்காத பொருளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிற மனுஷன்! "கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான்க்கா எனக்குச் சம்பளம்." விசேஷ வீடுகளில் அடுப்படிக்குள் நுழைந்து, கறி வெட்டின பலகையிலா வெள்ளரிக்காய் நறுக்குகிறீர்கள் என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போய்விடுவார். எங்கள் கே.கே. நகரில் அவரைப் பந்திக்குக் கூப்பிடவே பயப்படுவார்கள்.

போன புதன்கிழமை வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, சனிக்கிழமை கோழி இருக்கா?"

"ஞாயித்துக்கிழமையே தீந்துருச்சே. ஏன் தம்பி?"

"ஸ்வப்னா சாப்பிட்டுச்சா?"

ஸ்வப்னா என் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம். சூப்பே ரெண்டு கிண்ணம் குடித்திருந்தாள்.

அந்தக் கோழியில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கிறதாம். ரிசல்ட் அன்றுதான் வந்ததாம்.

"அடப்பாவி! சோதிச்சு முடிக்காமலேயா விக்கிறீங்க?"

"எங்க கம்பெனில அப்படித்தான்க்கா. ரிசல்ட்டுக்கு நாலு நாளாகும், கறி அம்புட்டு நாளு தாங்காது. அனுப்பிட்டுத்தான் பாப்போம். கெட்டதுன்னா ஓடிப்போய்த் திருப்பி வாங்குவோம்."

தின்றதை எப்படித் திருப்பி வாங்குவது?

"நல்லா வேகவச்சீங்களா?"

"அஞ்சு விசில்."

"அப்ப கறியில இருந்தது செத்துருக்கும். கழுவுன தண்ணி, கத்தி, கை வழியா ஒட்டியிருந்தா... வயித்தால போகுதா?"

முந்தின நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. மாங்காய் தின்ற கோளாறு என்று நான்தான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். ராஜகுரு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மடியில் நீளமான தாள் ஒன்று இருந்தது. பாக்கெட் போன கடைகள், ஊழியர் வீடுகள். எல்லாவற்றுக்கும் எதிரே டிக். அவர் வீடு இருந்த வரிக்கு நேரே 'சமைக்கவில்லை, பாதிப்பில்லை' என்று யாரோ எழுதி முடித்திருந்தார்கள். கம்பெனியைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்தது.

"நாங்க டாக்டர்ட்ட போயிக்கிறோம், தம்பி. உங்க பேரு வெளிய வராது," என்றேன். சற்றுமுன் 'அடப்பாவி' என்ற அதே வாய்தான் அப்படிச் சொன்னது. ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர், வேலை போய்விடக் கூடாதே.

"வெறுங்கையோட போனா மாங்காய்னுதான்க்கா அவங்களும் நெனப்பாங்க. இன்ன கிருமின்னு லேப் பேப்பரோட போகணும். லிஸ்ட்ல இருக்க வீட்டுக்குத்தான் அந்தப் பேப்பரு தருவாங்க."

தாளின் அடியில், கடைசி வரிக்கும் கீழே, ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட்டார். எங்கள் கதவு எண்ணை எழுதினார். ஸ்வப்னாவின் பெயர், எட்டு மாதக் கர்ப்பம். அதற்கடுத்து, 'பாக்கெட் கொடுத்தவர்' என்று போட்டு, தன் பெயரை இனிஷியல் சேர்த்து நிதானமாக எழுதினார்.