நம்பர் போடாத உடம்பு

உனக்கு வேறு வேலையே இல்லையா? செத்த மனுஷனின் உடம்பை எங்கே விட்டேன் என்று கேட்க, சோறு கொதிக்கிற நேரம் பார்த்துத்தான் வருவாயா? சரி, உட்கார். பயந்து போனால் என்னைக் குறை சொல்லாதே.

என் வீட்டுக்காரர் தன் உடம்பை மலைக்குக் கீழே இருந்த டாக்டர் காலேஜுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சிலோன் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோலில் அவருக்கு ஒரு நம்பர். கப்பலில் ஒரு நம்பர், மண்டபம் முகாமில் ஒரு நம்பர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு வந்த பிறகு இன்னொன்று. நெஞ்சு வலி வந்து அந்தக் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு டாக்டர் பெயர் சொல்லி நலம் விசாரித்திருக்கிறார். அதிலேயே மனுஷன் கவிழ்ந்துவிட்டார். நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பொண்டாட்டி ஆயிற்றே.

"ஒடம்ப எடுத்துக்கங்க, பாத்துப் படிங்க. நம்பர் மட்டும் போடாதீங்க" என்றார். அதைத் தாளில் எழுதச் சொல்லிக் கைநாட்டும் வைத்தார்.

ஆடி மழையில் போய்ச் சேர்ந்தார். காலேஜ் வண்டி வந்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒட்டினாற்போல அடுத்த அறையில் இருக்கிற காம்பராக்காரி குறுக்கே நின்றாள்.

"கொள்ளி வைக்காட்டி அலைவாரு அக்கா!"

"கண்டியிலேர்ந்து இங்க வரைக்கும் அலைஞ்சவருக்கு இது ஒரு தூரமாடி?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

அங்கே ஒரு நீளமான அறை. மருந்து நாற்றம் தொண்டையைப் பிடித்தது. வேலைக்காரர் ஒருவர் தகரத் துண்டு ஒன்றை எடுத்து அவர் கால் கட்டை விரலில் கட்டப் போனார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கொழுந்து எடை பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண் தெரியாதா?

"அவுருங்கய்யா அத. அவரு கேட்டது அது ஒண்ணுதான்."

"ஏனுங்கம்மா, நம்பரு இல்லீன்னா ஆரு எவருன்னு எப்படீங்க தெரியும்?"

குனிந்து என் மெட்டியைக் கழற்றினேன். எப்படியும் கழற்ற வேண்டியதுதானே. விரித்து அவர் விரலில் போட்டேன். வெயில் ஏறுமுன் தொடுகிற கொழுந்து போல விரல் சில்லென்று இருந்தது.

"பொம்பள மெட்டி போட்ட ஆம்பள இங்க எத்தன பேரு இருக்காங்க? இத வச்சுக் கண்டுபுடிங்க."

வேலைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே பாடம் எடுக்கிற வாத்தியாரம்மா வந்து, என் வீட்டுக்காரர் கைநாட்டு வைத்த தாளைப் படித்தார். "கால்ல கட்ட மாட்டோங்கம்மா. ஆனா ரிஜிஸ்டர்ல நம்பர் இல்லாம எடுத்துக்க முடியாதுங்க. சம்மதமில்லீன்னா இப்பவே கொண்டு போயிடலாம்" என்றார்.

வெளியே மழை. மலை ஏற வண்டிக்கு எங்கே போவேன்? புத்தகத்தில் பெருவிரலை வைத்தேன். மை காய்வதற்குள், அதன் பக்கத்திலேயே எண்ணை எழுதினார்கள். நான்கு இலக்கம். படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை தேத்தண்ணி கொதித்தபோது இருமல் கேட்டது. தேத்தண்ணி வாசனை வந்ததும் இரண்டு முறை இருமுவார், தனக்கு ஊற்றச் சொல்லி. அதே இரண்டு. திரும்பிப் பார்த்தேன், பாய் சுருட்டியபடியே இருந்தது. மறுநாளும் கேட்டது. அவர் காலில் தகரம் இல்லை, அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் நம்பர் இருப்பதை அவரிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான். மூன்றாம் நாள் அடுத்த காம்பராக்காரி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, அண்ணன் இருமுறது எங்க காதுக்கே கேக்குது. கொள்ளி வச்சிருந்தா இப்படி வருவாரா? காலேஜில என்ன செஞ்சாங்க அவர?"

"அவரு கேட்ட மாதிரியே வச்சிருக்காங்க, நம்பர் கிம்பர் ஒண்ணும் இல்ல" என்றேன். "இருமுறது நான்தான்டி. ஆஸ்பத்திரிக் குளிர்ல சளி புடிச்சிருச்சு."

நம்புவதற்காக அவர்கள் முன்னாலேயே இரண்டு முறை இருமியும் காட்டினேன்.