மைதா பசையில் ஒட்டிய நகர்

மறப்போம் மன்னிப்போம் என்பதெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஒன்பதாம் வகுப்பில் என்னிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒன்றை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் காது மடல் சூடாகிறது. அதற்கு நான் பழிவாங்கினேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன், யாருக்கும் புத்தி சொல்ல அல்ல.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் ஒரே கூரைக்கடியில் நடந்தன. அந்த வருஷம் சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். உங்கள் ஊரின் பிரச்சினைக்கு நீங்களே ஒரு தீர்வு கண்டுபிடித்து மாடல் செய்து காட்ட வேண்டும். பாதிப் பேர் குப்பையிலிருந்து உரம் என்றார்கள், மீதிப் பேர் ரயில்வே கேட்டுக்குத் தானாக மணி அடிக்கிற கருவி என்றார்கள்.

எனக்குப் பிரச்சினையைத் தேடிப் போகிற வேலையே இல்லை. பீர்க்கன்கரணைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவுக்கு ஐப்பசி பிறந்தால் அதுவே தேடி வந்துவிடும். முழங்கால் வரை தண்ணீர், அதில் சாக்கடை, சாக்கடையில் எங்கள் செருப்பு. என் அப்பா கொத்தனார். தரை மட்டம் பார்க்க அவரிடம் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் எது மேடு எது பள்ளம் என்று தெரிந்துவிடும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவரும் நானும் ஏரி வழிகிற கலங்கலிலிருந்து அந்தக் குழாயோடு நடந்தோம். எங்கள் தெருவைவிட ஒரு முழம் பள்ளத்தில் ஒரு பழைய வாய்க்கால் அடுத்த ஏரி வரைக்கும் ஓடியது. நடுவில் மட்டும் யாரோ கட்டட இடிசலைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதை அள்ளிவிட்டு, வாய்க்கால்மேல் இருந்த சிறுபாலத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், தண்ணீர் தன் வழியில் போய்விடும்.

மாடலைச் சிமெண்டில் செய்தேன். கொத்தனார் மகள் வேறு எதில் செய்வாள்? மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி, இடையில் வாய்க்காலும் சிறுபாலமும், பக்கத்தில் எங்கள் தெரு. மேல் ஏரியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தெருவில் ஒரு சொட்டு ஏறாமல் கீழ் ஏரி நிரம்பும். பள்ளி அளவில் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா அன்று சாயங்காலம் வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் சயின்ஸ் சார் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"மாடல் ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. ஆனா ஜட்ஜஸ்கிட்ட இங்கிலீஷ்ல எக்ஸ்பிளெய்ன் பண்ணணும். உனக்கு வராது. இங்கிலீஷ் மீடியம் பையன் ஒருத்தன் பண்ணுவான். நீ கூட நின்னு தண்ணி ஊத்து, போதும்."

"என் பேரு சார்?"

"ஃபார்ம்ல ஒரு பேருதான் எழுத இடம் இருக்கு."

அந்தப் பையன் யார் என்று அப்புறம் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பழைய நிலக்காரர் ஒருவரின் மகன். அப்பன் வயலையெல்லாம் மனை போட்டு, நகர் என்று பேர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளிக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை, பல் கடிக்கத்தான் வந்தது. வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் மட்டக் குழாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். அவரை அப்படிச் செய்யவைத்ததை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் அந்த நிலக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் பள்ளிக்கு வந்தார். மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், எல்லாம் கீது, நம்ம நகர் எங்க? நாளைக்கு அவ்ளோ பெரிய மனுஷங்க வர்றாங்கோ. நம்ம நகரையும் வெச்சா நாலு பேர் பாப்பாங்க இல்ல?"

"வெச்சுடலாம் சார், அதுக்கென்ன" என்றார் எங்கள் சார்.

அவர் குனிந்து, மோதிர விரலால் இடத்தைக் காட்டினார். வாய்க்காலின் நட்ட நடுவில். இடிசல் கொட்டியது யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம், எனக்கு அந்த விரல் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

"அது வாய்க்கால் சார், தண்ணி வரும்" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

"அதான் பத்து வருஷமா வறண்டு கெடக்குதே பாப்பா! நீ ஒட்டு."

தெர்மக்கோலில் இருபது வீடுகளும் ஒரு நுழைவு வளைவும் வெட்டினேன். வளைவில் அவருடைய நகரின் பேரைச் சிவப்பு மையில் எழுதினேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று அவரே பாராட்டினார். ஒட்டுவதற்குச் சிமெண்ட் பால் கலந்திருக்கலாம், அப்பாவிடம் கேட்டால் ஒரு கை சிமெண்ட் கொடுத்திருப்பார். நான் ஸ்டவ்வில் மைதா காய்ச்சினேன். மைதா பசை காய்ந்தால் கல், நனைந்தால் கஞ்சி. கல்யாண வீட்டுக்குக் கோலம் போடுகிறவள்போல அவ்வளவு பொறுமையாக ஒவ்வொரு வீடாக ஒட்டினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் எந்தப் பரீட்சை முடிவிலும் இருந்ததில்லை.

போட்டி நாளன்று பையன் மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தான். எதிரில் நடுவர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். முன்வரிசையில் நிலக்காரர், கையில் பொன்னாடை. சார் எனக்குக் கண் காட்டினார். நான் குடத்தைச் சாய்த்தேன்.

மேல் ஏரி நிரம்பி வழிந்தது. தண்ணீர் முதல் வரிசை வீடுகளில் முட்டி நின்றது. ஏறி எங்கள் தெருவுக்குள் புகுந்தது. நான் நிறுத்தவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தேன். முதலில் வளைவு பெயர்ந்தது. அப்புறம் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, ஆடி அசைந்து போய்ச் சிறுபாலத்தில் அடைத்துக்கொண்டன. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பையனுக்கு இங்கிலீஷ் நின்றுபோனது.

நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. மிதந்த வளைவை எடுத்துப் படித்தார்.

"இந்த நகர் யாருது?"

"எங்கப்பாது சார்."

"வாய்க்கால்ல மனை போட்டா இப்படித்தான் ஆகும்னு காட்டத்தான வெச்சே?"

பையன் அவரைப் பார்த்தான், மேஜைமேல் இருந்த பரிசுக் கோப்பையைப் பார்த்தான். "ஆமா சார்" என்றான்.

நான் என்ன கண்டேன், கிழவர் மைக்கைப் பிடித்துவிட்டார்! சொந்த அப்பாவின் நகரே மூழ்கும் என்று சபையில் காட்டிய இந்தப் பையனின் நேர்மைக்கே முதல் பரிசு என்றார். கைதட்டல் ஓயவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பேரைப் பிடுங்கினான், பாராட்டையும் அள்ளிக்கொண்டான். என் வயிறு பற்றி எரிந்தது. அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். நிலக்காரர் பொன்னாடையைப் போர்த்தவும் முடியாமல் மடிக்கவும் முடியாமல் நின்றார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

திங்கட்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் பையன் எனக்காகக் காத்திருந்தான். கோப்பையைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"எங்கப்பா ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. வூட்டாண்ட இதக் கண்டாலே கத்துறாரு. இது உன்னுதுதானே, நீயே எடுத்துக்கோ. ஹெச்.எம். கிட்ட போய் நீதான் செஞ்சேன்னு நானே சொல்லிர்றேன். பேரு மாத்திடுவாங்க."

பேப்பரை விலக்கிக் காட்டினான். அவன் பொய் சொல்லவில்லை, அப்போதே ஹெச்.எம். அறைக்கு நடக்கத் தயாராக இருந்தான். என் பேர். அப்பா மறுபடி போய் எல்லோரிடமும் சொல்லலாம். என் கை பாதி தூரம் நீண்டுவிட்டது.

"மனை வாங்குறவங்கல்லாம் உங்க வீட்ல எங்க உக்காந்து பேசுவாங்க?" என்று கேட்டேன்.

"ஹால்ல."

"அங்க வை. யாராவது எதுக்குக் குடுத்தாங்கன்னு கேட்டா, வாய்க்கால்ல போட்ட எங்க நகர் மூழ்கும்னு காட்டினதுக்குன்னு உள்ளது உள்ளபடி சொல்லு. இல்லேன்னா, அன்னிக்கு ஜட்ஜ்கிட்ட நீ சொன்னது பொய்னு நான் ஊர் பூரா சொல்லுவேன்."

"உனக்கு வேணாமா?"

வேணும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வேணாம் என்றேன். அவன் கோப்பையைத் திரும்பச் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனான். அந்த மாடலை நான்தான் செய்தேன் என்று சொல்ல இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. அப்பாவும் கடைசி வரை அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. எனக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அன்று கேட் தாண்டுகிற வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன், திரும்பக் கூப்பிடவில்லை.